மழைப் பாட்டு எண் ஏழு

ஜூன் 5, வியாழன்

இனாககி இன்று ஒலிபரப்பு அறைக்கே வந்தார். தள மேலாளர் எங்கள் அறைக்கு வருவதென்றால் யாரையாவது வீட்டுக்கு அனுப்பத்தான் வருவார். நானும் கூட வேலை செய்கிற குவாபரா சானும் எழுந்து நின்றோம். விஷயம் அதில்லை. மழைப் பாட்டை மாற்ற வேண்டுமாம்.

நீகாதாவின் இந்தப் பெரிய பல்பொருள் கடையில் ஏழு மாடி, ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. வெளியே இருட்டுகிறது என்று தெரிந்தால் வாடிக்கையாளர் வீட்டை நினைத்துவிடுவார் அல்லவா? அதனால் உள்ளே வேலை செய்கிற இருநூற்றுச் சொச்சம் பேருக்கும் மழை வந்தது பாட்டைக் கேட்டால்தான் தெரியும். மழைப் பாட்டு வந்ததும் காகிதப் பைகளுக்கு பிளாஸ்டிக் உறை, வாசலில் குடை உறை, மொட்டை மாடியில் செடிக் கடைக்குப் பூட்டு. வாங்க வந்தவருக்கு அது வெறும் பாட்டு. இருபது வருடமாக வார்த்தையில்லாத ஒரே பியானோ. இனி காதல் பாட்டு வேண்டும், நம் ஜப்பானிய மொழியில், வார்த்தையோடு.

"மழைக்கு ஏத்த மாதிரி பத்துப் பாட்டு எடுங்க இகராஷி சான். அறுபது தாண்டினவங்க கேட்டதும் அப்படியே நின்னுடணும். நின்னாத்தான் வாங்குவாங்க."

போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, இது நன்றாக அமைந்தால் செப்டம்பர் விஷயத்தை மேலே பேசிப் பார்ப்பதாகச் சொன்னார்.

செப்டம்பர் விஷயம் என்பது நான். ஒப்பந்தத்தில் ஐந்து வருடம் முடிகிறது. அதைத் தாண்டி ஒரு நாள் வைத்திருந்தாலும் நிரந்தரம் கேட்க எனக்கு உரிமை வந்துவிடும். அதனால் சரியாக ஐந்து வருடத்தில் பூங்கொத்து கொடுத்து அனுப்பிவிடுவார்கள். போன வருடம் கைப்பைப் பிரிவில் மூன்று பூங்கொத்து.

"கதவப் புடிச்சுக்கிட்டுச் சொல்றதையெல்லாம் நம்பாதம்மா" என்றார் குவாபரா சான். "என் ரெண்டு புருஷனும் அப்படித்தான் சொன்னானுங்க."

ஜூன் 8, ஞாயிறு

விடுமுறை. அறுபது பாட்டு கேட்டேன். தலை வலிக்கிறது.

எல்லாப் பாட்டிலும் ஒரு பெண் மழையில் நிற்கிறாள். அவன் கப்பலில் போயிருக்கிறான், அல்லது ரயிலில், அல்லது இன்னொருத்தியிடம். அவளிடம் குடை இல்லை. நீகாதாவில் எந்தப் பெண் குடை இல்லாமல் வெளியே போகிறாள்? மறுநாள் காலை அவளுக்கு ஷிஃப்ட் இல்லையா? ஈரத்தோடு நின்று காய்ச்சல் வந்தால் யார் விடுப்பு தருவார்கள்? எழுதியவர் பெயரைப் பார்த்தால் பத்துக்கு ஒன்பது ஆண். நன்றாக உலர்ந்த அறையில் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள்.

ஒன்றே ஒன்று வேறு மாதிரி. ஆறு நிமிடம் நாற்பது நொடி. துறைமுகத்துப் பேருந்து நிறுத்தத்தில் ஒருத்தி காத்திருக்கிறாள். நடுவில் பாடகி பாடுவதை நிறுத்திவிடுகிறாள். ஒரு நிமிடத்துக்கும் மேல் வெறும் கிட்டார். மறுபடி குரல் வரும்போது அவள் வீட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறாள். அவ்வளவுதான். அவன் வந்தானா, வரவில்லையா, அதெல்லாம் கிடையாது.

மூன்று முறை கேட்டேன். பட்டியலில் ஏழாவதாகப் போட்டிருக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

பட்டியலை இனாககி ஏற்றுக்கொண்டார். ஏழாவது ரொம்ப நீளம் என்றார். மழையும் நீளம்தான் என்றேன். சிரித்துவிட்டார். இதைச் சொன்னது நானா?

காவலாளிகளுக்கும் தெரியட்டும் என்று பட்டியலை எண்களோடு அச்செடுத்து இரண்டு வாசலுக்கும் அனுப்பினேன்.

ஜூன் 12, வியாழன்

மழைக்காலம் தொடங்கிவிட்டது. 11.20க்குக் கிழக்கு வாசலிலிருந்து ஃபோன். அங்கே நிற்பவர் மோரிவாகி. வெளிக் கம்பெனிக் காவலாளி. வந்து ஒரு வருடமாகிறது. இந்த ஒரு வருடத்தில் அவர் என்னிடம் சொன்னதெல்லாம் மூன்றே சொல்: "கிழக்கு வாசல். மழை." நின்றதும் "கிழக்கு வாசல். நின்னுடுச்சு." நான் "சரி" என்பேன். விதிப்படி மேற்கு வாசலிலும் கேட்டு உறுதி செய்துகொண்டு பாட்டைப் போடுவேன். ஒரு பாட்டு முழுதாக ஓட வேண்டும், பிறகு வழக்கமான இசை. பாட்டு ஓடும் நேரம் மட்டும் கைப்பைப் பிரிவிலிருந்து ஒரு பெண் வாசலுக்குப் போய்க் குடை உறை கொடுப்பாள். முடிந்ததும் திரும்பிவிடுவாள்.

இன்று ஒன்றாம் எண். கீழ்த்தளத்து ஊறுகாய்க் கடையில் ஒரு அம்மாள் அழுதாராம். அழுதுவிட்டு முள்ளங்கி ஊறுகாய் இரண்டு பொட்டலம் வாங்கினாராம். இனாககிக்கு ரொம்ப மகிழ்ச்சி. எனக்குத்தான் வாயில் என்னவோ கசந்தது.

ஜூன் 16, திங்கள்

இன்று நான்கு தடவை மழை. வரிசைப்படி நாலு, ஐந்து, ஆறு, ஏழு. ஏழு ஓடி முடிந்து, மழையும் விட்டபின் ஃபோன் வந்தது.

"கிழக்கு வாசல். நின்னுடுச்சு." பிறகு, "இகராஷி சான், இப்ப போட்டது ஏழு தானே?"

ஆமாம் என்றேன்.

"அடுத்த தடவையும் அதையே போட முடியுமா?"

ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். "சரி" என்று வைத்துவிட்டேன். அவருக்கு என் பெயர் தெரிந்திருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

ஏழு போட்டேன். இரண்டு தடவை.

ஜூன் 20, வெள்ளி

மதியம் கீழே போனேன். கழிப்பறைக்கு என்று குவாபரா சானிடம் சொல்லிவிட்டு. நாலு மாடி இறங்கி எந்தக் கழிப்பறைக்குப் போவார்கள்?

மோரிவாகி குரலைவிடக் குள்ளம். முப்பது, முப்பத்திரண்டு இருக்கும். தொப்பிக்குக் கீழே பெரிய காதுகள். நான்தான் இகராஷி என்றேன். உடம்பை வளைத்து வணங்கினார். வாடிக்கையாளரை வணங்குவதைவிடக் கொஞ்சம் குறைவாக.

"ஃபோன்ல வயசானவங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"நீங்களும்தான். ஃபோன்ல உயரமா இருந்தீங்க."

சிரித்தார். அந்த நேரம் ஒருவர் உள்ளே வர, முகத்தை மாற்றிக்கொண்டு "வாங்க" என்று குனிந்தார். நான் அங்கே இல்லை என்பது போல. அது வேலை, தெரியும். ஆனாலும் திரும்பி வரும்போது ஏன் என் காது சுட்டது?

ஜூன் 24, செவ்வாய்

தினமும் ஏழு. இப்போது அவர் கேட்பதுகூட இல்லை, "கிழக்கு வாசல். மழை. முடிஞ்சா..." என்று நிறுத்துவார். நான் "சரி" என்பேன். பட்டியலில் அவர் எண்ணை மட்டுமா பார்த்தார், பாட்டைக் கேட்டுப் புரிந்துகொண்டாரா? அறுபதில் அந்த ஒன்றில்தான் அவள் வீட்டுக்குப் போகிறாள். அது ஒரு ஆணுக்குப் பிடித்திருக்கிறதென்றால் அவன் எப்படிப்பட்டவன்? அல்லது அவருக்கு என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா? கடையில் இருநூறு பேர் கேட்கிற பாட்டை வைத்து ஒருத்தியிடம் மட்டும் சொல்வதா? நான் பதினாறு வயசா?

குவாபரா சானுக்கு மோப்பம் வந்துவிட்டது.

"ஏம்மா, முன்னெல்லாம் மழை வந்தா அலுத்துக்குவ. இப்ப ஃபோன் அடிக்கறதுக்கு முன்னாடியே கை போகுது."

வேலை என்றேன்.

"செப்டம்பர் வரைக்கும் ஒழுங்கா இரு. அவன் வெளிக் கம்பெனி ஆளு. நம்ம கேன்டீன்ல உக்காந்து ஒரு வாய் சாப்பிடக்கூட அவனுக்கு அனுமதி கிடையாது."

அது உண்மை. இதுவரை நான் அதை யோசித்ததே இல்லை. ஐந்து வருடம் அந்தக் கேன்டீனில் உட்கார்ந்து என் ஒப்பந்தத்தைப் பற்றியே புலம்பியிருக்கிறேன்.

ஜூன் 28, சனி

மூன்று நாளாக வெயில். மழைக்காகக் காத்திருந்தேன். இந்த வரியை எழுதிவிட்டு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

ஜூலை 2, புதன்

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

2.40. ஃபோன். "கிழக்கு வாசல். மழை." அவ்வளவுதான். குரல் தாழ்ந்திருந்தது. நான் "சரி" என்றேன். மேற்கு வாசலில் கேட்கவில்லை. கேட்கவே இல்லை. ஏழைப் போட்டேன்.

வெளியே மேகமே இல்லை. முப்பத்திரண்டு டிகிரி. வெயில் குடையோடு உள்ளே வந்த பெண்களிடம் ஈரக் குடை உறையை நீட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு தளத்திலும் பைகளுக்கு பிளாஸ்டிக் மாட்டியிருக்கிறார்கள். ஒருவர், மேல் மாடியில் ஒழுகுகிறதா என்று கேட்டாராம். மொட்டை மாடியில் கோடைச் செடி விற்பனையின் முதல் நாள். விதிப்படி வாடிக்கையாளரை எல்லாம் இறக்கிவிட்டுப் பூட்டியிருக்கிறார்கள். வெயிலில் நாற்பது நிமிடம் பூட்டு. செடி வாங்க வந்த பெரியவர்கள் படிக்கட்டில் நின்றிருக்கிறார்கள். ஒருவர் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். இன்னொருவர் படம் எடுத்துப் போட்டுவிட்டார்.

இனாககி உள்ளே வந்தபோது கிட்டார் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. கத்தவில்லை. "நிறுத்துங்க" என்றார்.

மோரிவாகி ஏன் மழை என்றார்? ஏன்?

ஜூலை 3, வியாழன்

விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள்.

யார் ஃபோன் செய்தது என்று இனாககி கேட்டார். கிழக்கு வாசல் என்றேன். ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். காவல் கம்பெனியின் பதில்: இரண்டு வாசலிலிருந்தும் யாரும் ஃபோன் செய்யவில்லை, காவலாளிகள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மோரிவாகியின் கையெழுத்து சின்னதாக, கோணலாக இருந்தது.

உள் ஃபோனில் பதிவு ஏதும் இருக்காது. அறையில் அப்போது நான் மட்டும். குவாபரா சான் சாப்பிடப் போயிருந்தார்.

"உங்க கடிதத்துல யார் சொன்னாங்கன்னு தெளிவா எழுதுங்க. எழுதினா அவங்க கம்பெனிகிட்ட நான் பேசிக்கறேன், செப்டம்பருக்குச் சிக்கல் இல்ல. எழுதலன்னா நீங்களாவே போட்டதா ஆயிடும்."

ஆக, நான் அல்லது அவர். வீட்டுக்கு வந்து சோறு வைத்தேன், சாப்பிட முடியவில்லை. அழவும் வரவில்லை. என்னய்யா கையெழுத்து அது? உன் வாயால சொன்னதுதானே?

ஜூலை 4, வெள்ளி

சாமான் இறக்குகிற இடத்தில் அவர் சாப்பிடுவார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மதியம் போனேன். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, ஷூவைக் கழற்றி, சோற்று உருண்டை தின்றுகொண்டிருந்தார். இடது கணுக்காலில் கட்டு, குதிகால் வரைக்கும்.

ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"ஏழாவது பாட்டு உங்களுக்கு அவ்வளவு புடிச்சிருந்துச்சா?"

சோற்று உருண்டையை மடியில் வைத்தார். "வாசல்ல ஸ்பீக்கர் கிடையாது இகராஷி சான். நான் ஒரு பாட்டும் கேட்டதில்ல."

பிறகு சொன்னார். தானாகவே, ஒரு அறிக்கை வாசிப்பது போல. பாட்டு ஓடும்போது கைப்பைப் பிரிவுப் பெண் வாசலில் நிற்கிறாள். அப்போது மட்டும் அவர் தூணுக்குப் பின்னால் போய் பால் பாட்டில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்காரலாம். ஏப்ரலிலிருந்து குதிகால் வலி. கல் தரையில் ஒன்பது மணி நேரம். மற்றப் பாட்டுகளுக்கு அவள் நாலு நிமிடத்தில் போய்விடுகிறாள். ஒரு நாள் நாலு நிமிடம் தாண்டியும் அவள் போகவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு நிமிடம் நாற்பது. பட்டியலில் எண்ணிப் பார்த்தார், அது ஏழு.

செவ்வாய்க்கிழமை கணுக்கால் பிசகியிருக்கிறது. மாற்று ஆள் கேட்டதற்கு, நிற்க முடியாவிட்டால் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள்.

"புதன்கிழமை கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. மழைன்னு சொன்னா அவ வந்து நிப்பா, நான் உக்காரலாம். அவ்வளவுதான் தோணிச்சு. மாடில செடிக் கடை இருக்கறதே எனக்குத் தெரியாது."

அந்தக் கையெழுத்தைப் பற்றிக் கேட்டேன். கம்பெனியே அச்சடித்துக் கொண்டுவந்து பேனாவை நீட்டியதாம். படித்தாரா? படித்தார்.

எழுந்து ஷூ மாட்டிக்கொண்டார். முடிச்சுப் போடக் குனிந்தபடியே, "பாட்டு கேக்கல. ஆனா நீங்க 'சரி'ன்னு சொல்றது கேக்கும். அது நல்லாருக்கும்" என்றார்.

நான் மாடிக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

ஜூலை 5, சனி

என் 'சரி' நல்லாருக்கும் என்று எதற்காகச் சொன்னார்? கடிதத்துக்காகவா? கடிதத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு மாதிரிக் கேட்பதுதானே? அப்படிப் பார்த்தால் உலகத்தில் யாரையுமே நம்ப முடியாது.

மூன்று வாரம் நான் காதல் என்று கற்பனை செய்தது ஒரு மனிதனின் குதிகால் வலியை. சிரிக்க வேண்டும் போலிருக்கிறது. அவமானமாகவும் இருக்கிறது. கோபம் யார் மேல்? அவர் மேலா? அவர் என்னிடம் காதல் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. ஒரு நாற்காலி இருந்திருந்தால் அவர் என்னிடம் பேசியே இருக்க மாட்டார். அதுதான் வலிக்கிறதா? சீ.

அறுபது பாட்டு கேட்டேன். எதிலும் யாருக்கும் கால் வலிக்கவில்லை.

குவாபரா சான் ஃபோன் செய்தார். "உண்மையத்தானே எழுதப் போற? அதுல என்ன குழப்பம்?" என்றார். உண்மைதான். மோரிவாகி ஃபோன் செய்தார், நான் உறுதி செய்யாமல் போட்டேன். இரண்டு வரி. எழுதினால் அவருக்கு வேலை போகும். எழுதாவிட்டால் எனக்கு. என்னிடம் சொன்ன பொய்க்கு நான் ஏன் வேலையை விட வேண்டும்? ஆனால் அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தவர்களிடமே போய்க் காட்டிக் கொடுப்பதா?

ஜூலை 7, திங்கள்

இரண்டு பத்தி எழுதினேன். முதல் பத்தியில் நடந்தது. இரண்டாவதில்: கிழக்கு வாசலில் காவலாளி ஒன்பது மணி நேரம் நிற்கிறார், உட்கார இடமில்லை, காயத்தோடு நிற்க வைக்கப்பட்டார், ஒரு நாற்காலி இருந்திருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது, நாற்காலி போட வேண்டும். எழுதி முடித்ததும் முதுகு நிமிர்ந்தது. இப்படி எழுதினால் யாரையும் காட்டிக் கொடுத்ததாக ஆகாது என்று தோன்றியது.

இனாககி நின்றபடியே படித்தார். இரண்டாவது பத்தியின் மேல் பென்சிலால் ஒரு கோடு.

"இது மன்னிப்புக் கடிதம். கோரிக்கை மனு இல்ல. முதல் பத்தி நல்லாருக்கு. அத மட்டும் வச்சு நாளைக்குக் குடுங்க."

அப்புறம், அன்பாகத்தான், "கைக்கு வர்றதத் தள்ளிடாதீங்க" என்றார்.

ஜூலை 8, செவ்வாய்

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு பத்தி.

ஜூலை 11, வெள்ளி

மழை. "கிழக்கு வாசல், ஒன்று ஐந்துக்கு மழை தொடங்கியது, உறுதி செய்யவும்." பெண் குரல், வயதானவர், தாளைப் பார்த்து வாசிக்கிறார். மேற்கு வாசலில் கேட்டேன். ஆமாம் என்றார்கள். வரிசைப்படி எட்டு.

குவாபரா சான் அரிசி முறுக்கு ஒன்றைப் பிரித்து என் மேஜையில் வைத்தார். வழக்கம்போல ஏதாவது குத்தலாகச் சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நிரந்தரம். நாளை முதல். பெயர் அட்டையில் ஒப்பந்த ஆள் என்று காட்டிய பச்சைக் கோடு இனி இருக்காது. இனாககி எல்லோர் முன்னாலும் கை தட்டினார். பொறுப்போடு தவறை ஒப்புக்கொண்டதைப் பாராட்டினார். மழைப் பாட்டுகளால் ஜூலையில் குடை விற்பனை கூடியிருக்கிறதாம்.

அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். அழுதாள். எனக்கும் மகிழ்ச்சி இருந்தது. பொய் சொல்லப் போவதில்லை, நிறையவே இருந்தது.

அக்டோபர் 16, வியாழன்

காலையில் பஸ்ஸில் நின்றபடி வந்தேன். மழை. பாலத்துக்கு இந்தப் பக்கம் குழாய் வேலை. பாதிச் சாலையை அடைத்திருக்கிறார்கள். ஒருவர் சிவப்பு விளக்குக் கோலை நீட்டி பஸ்ஸை நிறுத்தினார். எதிர்ப்பக்க வண்டிகள் போனதும் கோலை இறக்கி, காக்க வைத்ததற்காக பஸ்ஸைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். மழைக்கோட்டின் தொப்பிக்கு வெளியே அதே பெரிய காதுகள்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். வேலைக்கு நேரமாகிவிட்டது. திரும்பி நடந்தேன்.

"நடக்கறவங்க இந்தப் பக்கமா வாங்க" என்று கோலால் காட்டினார், முகத்தைப் பார்க்காமல். பிறகு பார்த்தார்.

"ஓ" என்றார்.

கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இங்கே அங்குமிங்கும் நடக்க வேண்டியிருப்பதால் பரவாயில்லை என்றார். நான்தான் எழுதினேன் என்று சொன்னேன். தெரியும், படித்துக் காட்டினார்கள் என்றார். கோபமில்லை. எனக்குக் கோபம் வேண்டியிருந்தது.

"நாற்காலி பத்தியும் எழுதினேன். வெட்டச் சொன்னாங்க. வெட்டிட்டேன்."

கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், கணக்கைச் சரிபார்ப்பவர் போல.

"அப்ப எழுதலன்னுதானே அர்த்தம்" என்றார்.

வேறு ஏதோ கேட்க வாயெடுத்தேன். என்ன கேட்கப் போனேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவர் என் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்த்தார்.

"பின்னாடி லாரி வருது. நகருங்க."

நகர்ந்தேன்.